கல்லுக்கு அடியில் போன விளிம்பு

ருஜிட்சாவின் ஆள்காட்டி விரலை ஸ்டானா மறக்கவே இல்லை. பன்றிக்குத் தவிடு வைக்கும்போதும், கோயிலில் கணவனுக்காக மெழுகுவத்தி ஏற்றும்போதும்கூட அந்த விரல்தான் கண்முன் வந்து நின்றது. சிவப்புச் சாயம் பூசிய நகம், நுனியில் கறுப்பாகக் கொஞ்சம் அழுக்கு.

நடந்தது போன வருஷத்து ஸ்லாவாவில், வீட்டைக் காக்கும் புனிதருக்கு வருஷா வருஷம் எடுக்கும் விருந்து நாளில். அந்த வீட்டுக்கு மிகாயில் தேவதூதர் காவல். அவருடைய நாளில் யாரையும் அழைப்பதில்லை. தெரிந்தவர்கள் தாமாக வருவார்கள், வந்தவர் எவரும் பசியோடு திரும்பக் கூடாது. வீடு கொள்ளாத கூட்டம். வியன்னாவிலிருந்து வந்திருந்த ஓரகத்தி ருஜிட்சா, கை கழுவுகிற சாக்கில் ஸ்டானாவின் சமையலறைக்குள் நுழைந்தாள். அங்கே இருந்தது மேடைமேல் விளிம்பு உட்காரும் பழைய சிங்க். விளிம்பைச் சுற்றிப் பூசிய பசை வருஷக்கணக்கில் கறுத்துக் கிடந்தது. அதற்கடியில் விரலை விட்டு ஓர் இழு இழுத்து, எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள்.

"பாத்தீங்களா? இதுலதான் நமக்கெல்லாம் முட்டைக்கோசு அலசியிருக்கா. பரவால்ல, சாப்பிடுங்க. சாமி காப்பாத்துவார்."

சிரித்தார்கள். பாதிரியாரின் மனைவி தன் தட்டிலிருந்த சர்மாவை முள்கரண்டியால் ஓரமாக ஒதுக்கி வைத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். இறைச்சி வைத்து முட்டைக்கோசு இலையில் சுருட்டி, மண்சட்டியில் மெல்லிய தீயில் வேக வைத்த சர்மா சட்டியோடு மிஞ்சியது. மறுநாள் ஸ்டானா அதைப் பன்றித் தொட்டியில் கொட்டினாள். பன்றி சுத்தம் பார்க்கவில்லை.

போகிற போக்கில் ருஜிட்சா இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "அடுத்த வருஷத்துலேருந்து ஸ்லாவாவ மாடியில வெச்சுக்கலாம். மூத்தவர் வீடு மேல இருக்கறப்ப கீழ எதுக்கு?"

ஸ்டானாவுக்கு வயிறு எரிந்தது அங்கேதான். பெற்றவர்களுக்கு அவள் ஐந்தாவது பெண். பெண் பிறப்பது இதோடு நிற்கட்டும் என்றுதான் ஸ்டானா என்று பெயரே வைத்தார்கள். இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்தாள். மூத்தார் ஜிவோராட் பெண்டாட்டியோடு வியன்னாவுக்குப் போய்விட, மாமியாரையும் மாமனாரையும் பார்த்துக்கொண்டவள் அவள், புதைத்தவளும் அவள். பிறகு கணவன் லூபிஷாவையும் அதே மண்ணில் வைத்தாள். வியன்னாப் பணத்தில் கோடைக்குக் கோடை வீட்டின்மேல் ஒரு மாடி ஏறியது. பால்கனியில் சிமெண்டுச் சிங்கம் உட்கார்ந்தது. அங்கே யாரும் குடியிருக்கவில்லை. ஜன்னலைத் திறந்து காற்று விட்டுத் திரும்ப மூடுவது ஸ்டானாவின் வேலை. அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஸ்லாவா ஒன்றுதான். அன்றைக்கு ஒருநாள் ஊரே அவள் வாசலைத் தேடி வரும். அதைத்தான் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தாள் ருஜிட்சா.

வசந்தம் வந்ததும் ஸ்டானா தோமாவின் பட்டறைக்குப் போனாள். தோமா கல்லறைக் கல் செதுக்குகிறவன், கேட்டால் சமையல் மேடையும் அறுத்துக் கொடுப்பான். லூபிஷாவின் கல்லில் அவளுடைய பெயரும் படமும் ஏற்கெனவே இருந்தன. சாகும் வருஷத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அவள் பக்கத்து மூடுகல்லுக்காகக் கறுப்புக் கிரானைட் பலகை ஒன்று பட்டறைச் சுவரில் சாய்ந்து காத்திருந்தது.

"அத அறுத்து மேடை போடு."

"அக்கா, அது உங்க கல்லு."

"என் கல்லுதான். செத்தப்புறம் எவ வந்து அதுல விரல் விட்டுப் பாக்கப் போறா? இப்பப் போடு."

தோமா தலையைச் சொறிந்தான். "சிங்க்கு?"

"விளிம்பே இல்லாதது வேணும்."

"விளிம்பில்லாம சிங்க் ஏது? கல்லுக்கு அடியில விளிம்பு போற மாதிரி பொருத்தலாம். மேலேருந்து பாத்தா கல்லு முடியற இடத்துல எவர்சில்வர் ஆரம்பிக்கும். துடைச்சா அழுக்கு நேரா உள்ள விழும்."

விரல் போக இடமில்லை. ஸ்டானாவுக்கு அது போதும்.

பன்றிக்குட்டி சுடுகிற பெரிய தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பொஜாரெவாட்ஸ் நகரத்துக்குப் பேருந்து ஏறினாள். கடைக்காரப் பெண் தட்டைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

"அம்மா, நாங்க பழைய சாமான் எடுக்கறதில்ல."

"நானும் விக்க வரல. இது படுத்துக்கிட்டு ஊறணும். அந்த அளவுக்கு ஒரு சிங்க் காட்டு."

பளபளவென்று ஒன்றைக் காட்டினாள் பெண். ஸ்டானா விரல் முட்டியால் தட்டினாள், மீன் டப்பா மாதிரிச் சத்தம் கேட்டது. இன்னொன்றின் மூலைகள் கத்தி வெட்டினதுபோல நேராக இருந்தன. இப்போது இதுதான் நாகரிகமாம். "மூலையில சேர்ற கசண்ட யார் எடுப்பா, உங்கம்மாவா?" என்று அதையும் தள்ளினாள். இரட்டைத் தொட்டிகளில் தட்டு இறங்கவே இல்லை. இன்னொன்று மிகவும் ஆழம், குனிந்து பார்த்ததும் இடுப்பு பிடித்தது. கடைசியில் ஒற்றைத் தொட்டி ஒன்று அகப்பட்டது. தகடு கனம், அடியில் சத்தத்தை விழுங்குகிற ரப்பர் பட்டை, மூலைகள் லேசாக வளைந்தவை, தண்ணீர் போகும் துளை பின்னால் தள்ளி இருந்தது. தட்டு அதில் சுகமாகப் படுத்தது. ஸ்டானா சுற்றிலும் விரலை ஓட்டினாள். ருஜிட்சாவையே ஒரு வாங்கு வாங்கிவிட்ட மாதிரி முகம் மலர்ந்து, "இது போதும் அவளுக்கு" என்றாள்.

"யாருக்கும்மா?"

"கட்டிக் குடு."

தோமா அவசரப்படவில்லை. கல்லின் அடியில் துளை போட்டு, சுற்றிலும் கொக்கி மாட்டி, கீழே குறுக்குக் கம்பி கொடுத்து, பசை பூசி, மரக்கட்டையால் முட்டுக் கொடுத்தான். "பசை மட்டும் நம்பினா ஒருநாள் தண்ணியோட கீழ வந்துரும். ரெண்டு நாள் இந்தப் பக்கமே வராதீங்க" என்றான். அந்த இரண்டு நாளும் ஸ்டானா பாத்திரத்தை முற்றத்துக் குழாயில் கழுவினாள்.

நவம்பரில் ஸ்லாவாவுக்காக வியன்னாவிலிருந்து கார் வந்தது. ருஜிட்சா கீழ்ச் சமையலறையைப் பார்த்தாள். கறுப்புக் கல்லைத் தடவினாள், விளிம்பைத் தேடினாள், கிடைக்கவில்லை.

"கல்லறைக் கல்லாமே?"

"ஆமாக்கா. சுத்தமா இருக்கும்."

அன்று மத்தியானமே ருஜிட்சா நகரத்துக்குப் போன் போட்டாள். மாடிச் சமையலறையில் அதுவரை இருந்த சிங்க், மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூடக் கிழிக்காத புத்தம்புதுசு. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்டானாவுடையதைவிட ஒரு சாண் நீளமாக, அதே போலக் கல்லுக்கு அடியில் போகிற ஒன்று வர வேண்டும், ஸ்லாவாவுக்குள் வர வேண்டும். எந்த மேஸ்திரியும் ஒப்புக்கொள்ளவில்லை. ஒருவன் மட்டும் ஒப்புக்கொண்டு, ஸ்லாவாவுக்கு முந்தின நாள் வந்தான். அவன் வேலையை முடித்து இறங்கும்போது ருஜிட்சா முடி அலங்காரத்துக்குப் போயிருந்தாள். படியில் ஸ்டானாதான் எதிர்ப்பட்டாள்.

"கொக்கி கொண்டு வரலம்மா. வெறும் பசைதான். அடுத்த வாரம் வந்து மாட்டறேன். அதுவரைக்கும் தண்ணி நிரப்ப வேணாம், முட்டுக் கட்டைய எடுக்க வேணாம். உங்க ஓரகத்திகிட்ட சொல்லிருங்க."

"சொல்லிடறேன்" என்றாள் ஸ்டானா.

சாயங்காலம் மாடியிலிருந்து கூப்பிட்டாள் ருஜிட்சா. சிங்க்குக்குக் கீழே அலமாரிக் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு கட்டைகள் முட்டுக் கொடுத்து நின்றன.

"இந்தக் கட்டை எதுக்கு?"

சொல்ல ஒரு நொடி போதும். ஸ்டானா அந்தச் சிவப்பு நகத்தைப் பார்த்தாள்.

"எனக்கென்னக்கா தெரியும். மேஸ்திரி மறந்துட்டுப் போயிருப்பான்."

"நாளைக்கு யாராவது கதவத் திறந்தா அசிங்கம். நீயே கொண்டு போ, உன் அடுப்புக்கு ஆகும்."

ஆயிற்று. நன்றாகக் காய்ந்த கெட்டி மரம். சர்மாச் சட்டி அதன் தணலில் விடிய விடிய வெந்தது.

ஸ்லாவா அன்று வீட்டுத் தலைவன் உட்காரக் கூடாது. ஜிவோராட் மாடிச் சமையலறையை ஒட்டிப் போட்ட மேஜையின் தலைமாட்டில், எரிகிற மெழுகுவத்திக்குப் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்குப் பழச்சாராயம் ஊற்றினான். ருஜிட்சா நின்றபடி பரிமாறினாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஸ்டானா ஸ்லாவாவில் உட்கார்ந்திருந்தாள். கை சும்மா இருந்தது, கண் மட்டும் சிங்க்கை விட்டு அகலவில்லை.

தட்டுகள் சேர்ந்தன. ருஜிட்சா எல்லாவற்றையும் சிங்க்குக்குள் அடுக்கி, பன்றிக்குட்டி சுட்ட தட்டையும் உள்ளே படுக்க வைத்துக் குழாயைத் திறந்தாள். "பாருங்க, முழுத் தட்டும் படுத்துக்கிட்டே ஊறும். கீழ இருக்கறதவிடப் பெரிசு."

பக்கத்து வீட்டுக் குழந்தை அலமாரிக் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஸ்டானா எழுந்து போய் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினாள்.

தண்ணீர் விளிம்பைத் தொட்டது. முதலில் பசை பிரிகிற சத்தம், துணி கிழிவதுபோல. பிறகு தட்டும் தண்ணீரும் கொழுப்புமாக முழுத் தொட்டியும் அலமாரிக்குள் இறங்கி, கதவுகளை உடைத்துக்கொண்டு தரையில் பரவியது. ருஜிட்சாவின் மான்தோல் காலணி நனைந்தது. கம்பளத்தில் முட்டைக்கோசுத் துண்டுகள் மிதந்தன. அடி யாருக்கும் இல்லை. மெழுகுவத்தியும் அணையவில்லை.

மெழுகுவத்தி சாயங்காலம்வரை எரிய வேண்டும், விருந்தும் நிற்கக் கூடாது. எல்லோரும் ஜிவோராட்டைப் பார்த்தார்கள். அவன் தம்பி பெண்டாட்டியைப் பார்த்தான்.

"கீழ கொண்டு போலாமா, ஸ்டானா?"

"வாங்க" என்றாள். ஸ்லாவாவுக்கென்று சுட்ட சடங்கு ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் முன்னால் இறங்கினாள். சுடரைக் கையால் மறைத்துக்கொண்டு ஜிவோராட் பின்னால் வந்தான், அவனுக்குப் பின்னால் ஊர் வந்தது.

கீழே மேஜையில் விரிப்பு போட்டிருந்தது. சட்டி நிறைய சர்மா இருந்தது. பாதிரியாரின் மனைவி மூடியைத் திறந்து பார்த்து, "இவ்வளவு யாருக்கு செஞ்ச?" என்றாள்.

"பழக்க தோஷம்" என்றாள் ஸ்டானா. பாதிரியாரின் மனைவி இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டாள். அதை ஸ்டானா நின்று பார்த்தாள்.

வாசலில் புதிதாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தட்டு பற்றவில்லை. "நான் வந்தவங்களக் கவனிக்கணும். நீங்க கொஞ்சம் பாத்திரத்தப் பாருங்கக்கா" என்றாள் ஸ்டானா, நாலு பேர் காதில் விழும்படியாக.

ருஜிட்சா மோதிரங்களைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தாள். கழுவ ஆரம்பித்தாள். ஸ்டானா சாராயப் புட்டி எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தக் கைகள் அத்தனை வேகம். துணியை எட்டாக மடித்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் துடைத்தன. குழாயின் அடியைக்கூட விடவில்லை. வியன்னா ஹோட்டலில் நிர்வாகி என்று ஊருக்குச் சொல்லியிருந்த கைகள் அவை. கழுவி முடித்ததும் ஒரு விரல் தானாகவே கல்லுக்கு அடியில், எவர்சில்வர் சேருகிற இடத்தில் நுழைந்து ஒரு சுற்றுச் சுற்றியது.

"நல்லா அழுத்திப் பாருங்கக்கா" என்றாள் ஸ்டானா.

விரல் சுத்தமாக வெளியே வந்தது. ருஜிட்சா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க எங்க மேற்பார்வைக்காரி இப்படித்தான்" என்றாள் மெதுவாக. "நான் கழுவி முடிச்சதும் விரல விட்டுப் பாப்பா. எல்லார் முன்னாடியும் தூக்கிக் காட்டுவா. நான் அங்க வேலைக்குப் போன நாள்லேருந்து இதான்." துணியை மறுபடி எட்டாக மடித்தாள். பிறகு, "அந்தக் கட்டை எதுக்குன்னு உனக்குத் தெரியும், இல்ல?"

"தெரியும்."

ஸ்டானாவுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ருஜிட்சாவின் முன்னால் விரலைத் தூக்கிக் காட்டினவள் வியன்னாவில் இருந்தாள். பன்றிக்குக் கொட்டின சர்மாவுக்கு அவள் வந்து பதில் சொல்லப் போவதில்லை. ஸ்டானா மேஜையிலிருந்து கொழுப்பு உறைந்த தன் பெரிய தட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்து, சிங்க்குக்குள் படுக்க வைத்தாள்.

"இதையும் கழுவிடுங்கக்கா. தண்ணிய நிறைய விடுங்க, பயப்படாதீங்க. இதுக்குக் கீழ கொக்கி இருக்கு."

ருஜிட்சா குழாயைத் திறந்தாள்.