நூல் கடித்த பல்

அந்தத் தெருவில் அவளுக்குப் பேர் "சிரிக்காத டெய்லரம்மா". உள்ளுக்குள் அவளைப்போலக் குறும்புக்காரி கிடையாது. ஆனால் தையல் பழகிய நாளிலிருந்தே நூலைப் பல்லால் கடித்துக் கடித்து, முன்பல் இரண்டிலும் அரம் வைத்து ராவினமாதிரிப் பள்ளம். அதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, எந்தக் கூத்துக்கும் உதட்டை மூடியே சிரிப்பாள்.

கடையில் கூடவே தைக்கும் நாத்தனார்தான் ஒருநாள் அவளைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா இரண்டு பல்லையும் லேசாகச் சீவி, அளவெடுத்து, அடுத்த வாரம் நகக் கனத்தில் பீங்கான் உறை ஒட்டிவிட்டார். வெனீர் என்று பேராம். கண்ணாடியில் பார்த்தவளுக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து, "சீக்கிரம் சாப்பிட வாங்க" என்றதும் புதுப்பல் வழியாக இரண்டு விசில் பறந்தது. "ரயில் கிளம்பிடுச்சா?" என்றார் புருஷன்.

மறுநாள் டாக்டரம்மா நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, அச்சு விழுந்த இடத்தை உரசி, நுனியைக் கொஞ்சம் குறைத்தார். விசில் நின்றது.

"இனிமே நூலைக் கடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

பழக்கம் சும்மா விடுமா? பள்ளிச் சீருடை மலையாகக் குவிந்திருந்த ஒரு சாயங்காலம், பட்டன் தைத்த கையோடு நூல் வாய்க்குப் போய்விட்டது. டக்! ஓர் உறை தெறித்து எங்கேயோ விழுந்தது.

இருவரும் தரையில் தவழ்ந்து வெட்டுத்துணியைக் கிளறினார்கள்.

"கெடைச்சிடுச்சு அண்ணி!" நாத்தனார் நீட்டியது சட்டைப் பட்டன். அடுத்ததும் பட்டன். மூன்றாவதை நீட்டி, "இதையே வச்சுத் தச்சுக்குங்க, நாலு ஓட்டை இருக்கு, கெட்டியா நிக்கும்" என்றாள். டெய்லரம்மாவால் தாங்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சீவின பல் தெரிய, தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள்.

நிமிர்ந்தால் வாசலில் எதிர்வீட்டு வாத்தியார். "அடேயப்பா, உங்களுக்குச் சிரிக்கக்கூட வருமா!"

அவள் கை பாதிதூரம் வாய்க்குப் போனது. அப்புறம் என்ன நினைத்தாளோ, இறக்கிவிட்டாள். "பல்லைத் தேடறோம் சார். நீங்களும் கொஞ்சம் குனிங்க."

வாத்தியார்தான் கண்டுபிடித்தார், மெஷின் பெடலுக்கு அடியில், இரண்டு துண்டாக.

புது உறை ஒட்டின அன்றைக்கு, நாற்காலியில் சாய்ந்தபடியே டெய்லரம்மா அந்தப் பட்டன் கதையைச் சொல்லிக் குலுங்கினாள்.

"அசையாம இருந்தாத்தாம்மா ஒட்டும்" என்று அதட்டிய டாக்டரம்மாவும், நாலு ஓட்டை வந்த இடத்தில் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.