அம்பிட்டிய வீட்டில் அம்மா கேட்ட ஒரு பேச்சு

பெரிய வளவுப் பெண்களை, அந்தச் சிங்களப் பிரபு வீட்டுக்காரிகளை, எனக்குப் பிடிக்காது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது. ஒன்பது வயதில் ஒரே ஒரு முறை அப்படிப்பட்ட வீட்டுக்குள் போயிருக்கிறேன். அது ஆயுசுக்கும் போதும்.

நாங்கள் நாவலப்பிட்டியில் இருந்தோம். அப்பாவுக்குக் கடைத்தெருவில் சின்னப் புடவைக் கடை. ஒரு சனிக்கிழமை காலை அம்மா எனக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டு, எண்ணெய் வழியத் தலை வாரி, கண்டி பஸ்ஸில் ஏற்றினாள். எங்கே என்று கேட்டேன்.

“தெரிஞ்சவங்க வீட்டுக்கு. பேசாம வா.”

அம்மாவுக்குக் கண்டியில் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவளையும் இப்படித்தான் புதுச் சட்டை போட்டுக் கூட்டிப் போனார்கள். கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விட்டுவிட்டுத் தகப்பன் மட்டும் திரும்பி வந்தான். இரண்டு நாளில் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்துவிட்டாள்.

கெலிஓயா தாண்டும்போது கேட்டேன். “நாளைக்கு நான் நம்ம வீட்டுலதானே இருப்பேன்?”

“வேற எங்க இருப்ப?”

அது பதில் மாதிரி எனக்குப் படவில்லை.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில், மேட்டுமேல் அந்த வீடு. உள்ளே மூன்று பெண்கள். நடுவில் பெரிய கதிரையில் ஒரு கிழவி. இரண்டு பக்கமும் அவள் மகள்கள், கண்டிச் சேலையில், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி. அம்மாவுக்குக் கதிரை போட்டார்கள். கதிரையைப் பார்த்ததுமே சந்தேகம் திரும்ப வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு இந்த மாதிரி வீடுகளில் பலகைதான் கிடைக்கும், இல்லாவிட்டால் நிற்க வேண்டும். பிறகு கேக் வந்தது. சந்தேகம் கூடியது. மூத்த மகள் என் நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்பி, இந்த மூக்கைப் பார் என்று தங்கையிடம் சிங்களத்தில் சொன்னாள். கடைத்தெருச் சிங்களம் எனக்கு விளங்கும். ஆடு வாங்க வருகிறவன் பல்லைப் பார்ப்பான், இவர்கள் மூக்கைப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

“நல்லா வேல செய்யுமா இது?” என்று இளையவள் தமிழில் கேட்டாள்.

“அவ படிக்கிறா” என்றாள் அம்மா, வெடுக்கென்று.

அவர்களுக்குத் தேயிலைத் தோட்டம் இருந்தது. தோட்டத்து ஆட்களை விரட்டிப் பழகிய தமிழ்தான் மூவர் வாயிலும். வா, போ, குந்து, அவ்வளவுதான் அதன் மரியாதை. அப்படிப்பட்ட வாயால் மூத்தவள் என் அம்மாவைத் தங்கச்சி என்றாள். ஒரு தாளையும் பேனாவையும் முன்னால் நகர்த்தினாள்.

“தங்கச்சி, இதில ஒரு கையெழுத்து வேணும்.”

அது ஒரு சத்தியக் கடதாசி. சுவரில் மீசையோடு படமாகத் தொங்கிக்கொண்டிருந்த அந்த வீட்டு எஜமான், அந்தக் கிழவியின் புருஷன், தன் தகப்பன் இல்லை என்று அம்மா சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். உண்மையில் அவர்தான் தகப்பன். அம்மாவைப் பெற்றவள் அந்த வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு இருந்தவள். வயிறு தெரிந்ததும் நாவலப்பிட்டிக்குத் துரத்திவிட்டார்கள். அந்த மனிதர் செய்த ஒரே ஒழுங்கான காரியம், பிறப்புச் சான்றிதழில் தன் பெயரைப் பதிந்ததுதான். அவர் செத்து, வீட்டை விற்கப் போனபோது சட்டத்தரணி அதைக் கண்டுபிடித்துவிட்டார். அம்மாவும் கையெழுத்துப் போட்டால்தான் விற்கலாம் என்றார். அதுவரை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்காதவர்களுக்கு அப்போதுதான் தங்கச்சி ஞாபகம் வந்தது. தங்கச்சி இல்லை என்று எழுதி வாங்கத் தங்கச்சி என்று கூப்பிட்டார்கள். இவையெல்லாம் என் கல்யாணப் பதிவு எழுத்தின்போது அம்மா சொல்லி எனக்குத் தெரிந்தவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் என்னைத்தான் எழுதி வாங்குகிறார்கள் என்பது.

அம்மா பேனாவைத் தொடவில்லை. “போடுறேன் மெனிக்கே” என்றாள். அந்த மாதிரி வீட்டுப் பெண்களை வெளியாட்கள் அப்படித்தான் அழைக்க வேண்டும். தங்கச்சி என்றவளை அவள் அக்கா என்று சொல்லவில்லை. “எனக்கு வீடும் வேணாம், தோட்டமும் வேணாம். ஆனா நான் யாருன்னு பெரியவங்க ஒருக்கா வாயால சொல்லணும். என் மகளுக்கு முன்னால, தமிழ்ல.”

“சின்னப் புள்ளைக்கு அது எதுக்கு?” என்றாள் மூத்தவள்.

“அவ கேக்கணும்.”

மகள்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவி கதிரைக் கையை ஊன்றி முன்னால் சாய்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“புள்ள, கேளு. ஒன் அம்மா எங்க ஐயாட மக. இதுக ரெண்டுக்கும் தங்கச்சி. நீ எங்க ரத்தம்.”

எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. கொழும்புக்குப் போனவளிடமும் இப்படித்தான் சொன்னார்களாம், நீ எங்கள் சொந்தப் பிள்ளை மாதிரி என்று. நான் எழுந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“பொய்ம்மா. பொய் சொல்றாங்க. இவங்க யாரும் நமக்குச் சொந்தமில்ல. என்னைய இங்க வச்சுக்கத்தான் இப்பிடிச் சொல்றாங்க. வா போவோம்.”

இளையவள் சிரித்தாள். “புள்ளையே சொல்லுது பாரு. போடு கையெழுத்த.”

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமில்லை. பிறகு குனிந்து கையெழுத்துப் போட்டாள். இளையவள் மை காய்வதற்குள் தாளை எடுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது எனக்கு ஜன்னல் பக்கம் கிடைத்தது. கம்பளை வந்ததும் அம்மா பக்கம் திரும்பினேன்.

“தப்பிச்சோம், என்னம்மா?” என்றேன்.

“ஆமா” என்றாள்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாதி வழி பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். ஒரு வீட்டையும் தோட்டத்தையும் வேண்டாம் என்றுவிட்டு அம்மா அன்று கேட்டது ஒரே ஒரு பேச்சு. அதைக் கேட்க அவள் கூட்டிப்போன ஒரே சாட்சி நான். பொய் என்று முதலில் சொன்னவளும் நான்தான்.