மூட்டையை அறுக்கும் கை

காலாங் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். மலேசியாவின் சரவாக்கில், ஆற்றங்கரையில் ஒரே கூரையின் கீழ் ஊர் முழுக்க வாழும் நீண்ட வீட்டில் வளர்ந்தவன், மீசை அரும்பும் முன்பே கிளம்பிவிட்டான். இபான் பழங்குடி ஆண்கள் கிளம்புவது புதிதில்லை. போனவன் வெறுங்கையோடு திரும்பக் கூடாது, அவ்வளவுதான். தாத்தா காலத்தில் எதிரியின் தலை கொண்டு வந்தார்கள். அப்பா காலத்தில் சீன ஜாடி. காலாங் கொண்டு வந்தது ஒரு கைப்பேசியும், கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையும்.

மிரி நகரத்து அலுவலகத்தில் அவனை ஹெட்ஹன்டர், தலை வேட்டைக்காரன் என்பார்கள். கெட்டிக்காரர்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு இழுப்பவனுக்கு ஆங்கிலத்தில் அதுதான் பெயராம். "பரம்பரைத் தொழில்தானே" என்று பக்கத்து மேசைச் சீனப் பெண் சிரிப்பாள். அவனும் சிரித்து வைப்பான். ஆனால் வேட்டை என்பது கரையில் நின்று பார்த்த வெள்ளைக்காரன் வைத்த பெயர். வீட்டில் அப்படி ஒரு தொழிலே இருந்ததில்லை. நெல் விதைத்தவன்தான் தலைக்கும் போனான், ஒரு சாவின் துக்கத்தை முடிக்க வேண்டியிருந்தால்.

காலாங்குக்குத் தன் தொழிலின் சூட்சுமம் அத்துபடி. யாருடைய மிளகுக் கொடி பட்டுப்போனது, யார் அப்பனோடு முறைத்துக்கொண்டிருக்கிறான் என்று மோப்பம் பிடித்து, அந்த வாரம் பார்த்துப் போய் நிற்பான். அப்படித்தான் அதே நீண்ட வீட்டு ஜிம்பாயைக் கூட்டிப் போனான். மேலாற்றில் கட்டிக்கொண்டிருந்த பாலத்துக்கு. ஜிம்பாய் தூணின் உச்சியிலிருந்து விழுந்து செத்தான்.

அதன் பிறகு இப்போதுதான் ஊருக்கு வருகிறான். அறுவடைத் திருவிழாவுக்கு வரச் சொல்லித் தலைவர் உந்தாம் ஆளனுப்பியிருந்தார். இரண்டு பேரையாவது பிடித்துக்கொண்டு போகலாம் என்ற நினைப்பும் உள்ளுக்குள் இருந்தது. அந்த ஆளைத் திருத்த முடியாது.

படகை விட்டு ஏறியதுமே மிளகு காயவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி குரல் கொடுத்தாள். "பிள்ளைங்கள உள்ள கூப்பிடுங்கடி. தூணுக்குத் தலை பிடிக்கிறவன் வந்துட்டான்."

பாலம் நிற்க அடியில் மனிதத் தலை புதைப்பார்கள் என்பது அந்த ஆற்றில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. யாரும் பார்த்ததில்லை, நம்பாதவரும் இல்லை.

"என் தலைக்கு என்ன விலை போகும், அண்ணே?" என்றான் ஒருவன்.

"உள்ள ஏதாவது இருந்தாத்தானடா விலை," என்றான் காலாங்.

சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். துக்கம் முடியாத வீட்டில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொதுக் கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தான். மேலே, தாத்தாக்கள் கொண்டுவந்த தலைகள் பிரம்புக் கூடைகளில் புகை படிந்து தொங்கின. சுவரோரம் பெரிய மணிகள் துணி போர்த்திக் கிடந்தன. ஜிம்பாயின் மனைவி சுலாவ் கறுப்புத் துணியில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய வெள்ளி ஒட்டியாணம், சீப்பு, நல்ல துணிகள் எல்லாம் ஒரு மூட்டையில் கட்டிக் கிடந்தன. அந்தக் கயிறு அறுபடும்வரை அவள் கறுப்பை மாற்ற முடியாது, வீட்டில் மணி அடிக்க முடியாது. திருவிழாவுக்குள் அறுக்காவிட்டால் அடுத்த அறுவடைவரை இதே கதிதான்.

உந்தாம் எல்லாரையும் உட்கார வைத்தார். "தலை எடுத்த கைதான் இந்தக் கயித்த அறுக்கணும். காட்டுச் சண்டையில தலை எடுத்த நம்ம வீட்டுச் சிப்பாய் ஒருத்தர் இருந்தவரைக்கும் கவலையில்ல. அவரும் போய்ச் சேந்துட்டாரு."

காலாங் அவசரமாகச் சொன்னான். "தலைக்குப் பதிலா ஒரு தேங்காய வச்சு முடிச்சிடலாமே, மாமா. மத்த வீட்டுல அப்படித்தானே செய்றாங்க."

"தலைக்குத் தேங்கா வைக்கலாம்ப்பா. கைக்கு எத வைக்கிறது?"

சுலாவ் தலை நிமிர்ந்தாள்.

"காலாங் அண்ணன் அறுக்கட்டும்."

"நான் யாரு தலைய எடுத்தேன், தங்கச்சி?"

அவள் குரலை உயர்த்தவில்லை. "என் வீட்டுக்காரரு அப்பாவோட சண்ட போட்ட வாரமாப் பாத்து வந்தீங்க. உயரம்னா எனக்குத் தல சுத்தும்னு அவரு சொன்னாரு. நானும் பக்கத்துல இருந்தேன். கீழ நின்னு பாக்குற வேலதான்னு நீங்க சொன்னீங்க. மேல ஏறணும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியும். வேலைக்கு ஆள் கேட்டபோதே கம்பெனிக்காரன் சொல்லியிருந்தான்.

காலாங் வெளியே பார்த்தான். படித்துறையில் படகு தயாராக நின்றது. எழுந்து நடந்தால் யாரும் மறிக்க மாட்டார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். அதுதான் அவனைக் கொன்றது. கத்தியை எடுத்தால் ஊரறிய ஒப்புக்கொண்டதாகும். எடுக்காவிட்டால் அவள் இன்னொரு வருஷம் கறுப்பில் கிடப்பாள்.

"இது சும்மா கயிறு அறுக்கற காரியமில்ல, தெரியுமில்ல?" என்றார் உந்தாம். "யாரு தலைன்னு பேரச் சொல்லணும். சொன்ன சொல்லுக்கு நீதான் பொறுப்பு."

"தெரியும், மாமா."

கத்தியை வாங்கினான். மூட்டைக்கு முன்னால் மண்டியிட்டு, "ஜிம்பாய்" என்றான். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது.

"கடைசி அறை வரைக்கும் கேக்கணும், அண்ணே," என்றாள் சுலாவ். "அவரோட அப்பா அங்கதான் இருக்காரு. அன்னிக்குச் சண்ட போட்டு நான்தான் மகனைத் தொரத்திட்டேன்னு கதவ சாத்திக்கிட்டவரு, இன்னும் வெளிய வரல."

காலாங் எழுந்து நின்றான். "ஜிம்பாய் தலையை எடுத்தது நான்," என்று கூடம் அதிரக் கத்தினான். "அவங்க அப்பா இல்ல. நான்."

கடைக்கோடியில் கதவு திறந்தது. கிழவர் தட்டுத்தடுமாறி நடந்து வந்து மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தார். காலாங்கின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. சுலாவ் மூட்டையை அவன் பக்கம் தள்ளினாள்.

"இப்ப அறுங்க," என்றாள்.