தன்லியின் கரையில் மோதிரம் தேடியது

தை அமாவாசையன்று, ரங்கூனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் தன்லியின் என்ற ஊரின் ஆற்றங்கரையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போயிருந்தோம். பவித்திரம் போட வேண்டும், விரலில் இருக்கிற மோதிரத்தைக் கழற்றுங்கள் என்றார் பூசாரி. கழற்றினேன். அதுவரை நன்றாக நினைவிருக்கிறது. பாலத்தைத் தாண்டி ரங்கூனுக்கு வரும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபோதுதான் விரல் வெறுமையாக இருப்பதைப் பார்த்தேன்.

"மோதிரம் எங்க?" என்று மனைவியைக் கேட்டேன்.

"என்கிட்ட எங்க குடுத்தீங்க?"

"உன் கையிலதானே வச்சேன்."

"தண்ணிச் செம்பைத்தான் குடுத்தீங்க."

அது அப்பாவின் மோதிரம். கல் இல்லை, எழுத்து இல்லை, வெறும் தங்க வளையம். அவர் போன பிறகு ஆறு வருடமாக என் விரலில் கிடந்தது. அவள் உள்ளங்கையில் அதை வைத்தது எனக்கு அப்படியே தெரிந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அதே உள்ளங்கையில் செம்பு இருப்பதாகவும் தெரிய ஆரம்பித்தது.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இருவரும் திரும்பப் போனோம். கரையில் ஒரு பர்மியக் கிழவர் காதில் கறுப்புக் கருவி மாட்டிக்கொண்டு, நீளக் கம்பியின் நுனியில் இருந்த தட்டை மணல்மேல் இப்படியும் அப்படியும் ஓட்டிக்கொண்டிருந்தார். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்துகிற மெஷின். யுத்த காலத்தில் அந்த இடத்தில் படகுகள் எரிந்து மூழ்கின என்றும், அந்த இரும்பை எடுத்து விற்பதுதான் தன் தொழில் என்றும் சொன்னார். நாங்கள் பர்மியில்தான் பேசினோம். நான் அவரை ஊலே, அதாவது மாமா என்றேன். அவர் என்னைத் தம்பி முறை வைத்துக் கூப்பிட்டார்.

"எங்க உக்காந்திருந்தீங்க, காட்டுங்க" என்றார்.

நான் ஒரு இடத்தைக் காட்டினேன். மனைவி பதினைந்தடி தள்ளி வேறொரு இடத்தைக் காட்டினாள். இரவு ஏறிய தண்ணீர் இரண்டையும் ஒரே மாதிரி வழித்துவிட்டுப் போயிருந்தது. ஊலே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காதுக் கருவியைக் கழற்றி வைத்து, நடுவில் தொடங்கினார்.

மெஷின் எல்லா இடத்திலும் கத்தியது. தோண்டினால் ஆணி. தோண்டினால் துருப்பிடித்த தகடு, சங்கிலிக் கண்ணி, பச்சை பிடித்த தோட்டாக் கூடுகள். ஒரு இடத்தில் சத்தம் அடிவயிற்றிலிருந்து வருவதுபோலக் கேட்டது. அதை அவர் தோண்டவில்லை. குச்சியில் சிவப்புத் துணி கட்டி நட்டுவிட்டு, "கனமா, உருண்டையா இருக்கிற சத்தம் இது. வெடிக்காத குண்டா இருக்கலாம், தொடக்கூடாது" என்றார். அதற்குப் பிறகு நான் கால் வைக்கும் இடமெல்லாம் எனக்குச் சந்தேகமாகவே இருந்தது.

வெயில் ஏறிய பிறகு என் மனைவி தோண்டிய குழியிலிருந்து ஒரு மோதிரம் வந்தது. அவள் உட்கார்ந்தபடியே அழுதாள். நான் கழுவிப் போட்டுப் பார்த்தேன். விரலுக்குச் சரியாக இருந்தது. ஆனால் லேசாக நெளிந்திருந்தது, நிறமும் மங்கல்.

"இதுதானா?" என்றேன்.

"வேற எது?" என்றாள்.

வழியில் ஒரு தட்டானிடம் காட்டினோம். கல்லில் உரசிப் பார்த்து, தங்கம்தான் என்றார். பழசா என்று கேட்டதற்கு, "தேஞ்சிருக்கு. பத்து வருஷமும் இருக்கலாம், நூறு வருஷமும் இருக்கலாம்" என்றார். என் அக்கா வந்து பார்த்து, அப்பாவுடையதேதான் என்று சாதித்தாள். நானும் நம்பத் தொடங்கினேன்.

பன்னிரண்டாம் நாள் ஊலே போன் செய்தார். "தம்பி, இன்னொரு மோதிரம் கிடைச்சிருக்கு."

போனோம். கவிழ்த்துப் போட்ட ஓடத்தின்மேல் அவர் அதை வைத்தார். நான் என் விரலில் இருந்ததைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். அதுவும் வெறும் வளையம்தான், அதுவும் மங்கல், லேசான நெளிவு. மனைவி இரண்டையும் எடுத்து, மாற்றி மாற்றித் தன் விரலில் போட்டுப் பார்த்துத் திரும்ப வைத்தாள்.

"இப்ப எது நான் போட்டிருந்தது?" என்று கேட்டேன்.

அவள் ஒன்றைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள். "தெரியலங்க."

ஊலே இரண்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று யாரோ செத்துப்போனவருடையதாக இருக்கலாம், அதை எப்படி வீட்டில் வைத்துக்கொள்வது என்றேன். யாராக இருக்கும் என்றும் கேட்டேன். அவருக்கு எப்படித் தெரியும்? சிப்பாயா, படகில் மூட்டை சுமந்தவனா, போன வருஷம் எங்களைப்போல் தர்ப்பணம் கொடுக்க வந்தவரா. கடைசியில் மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மற்றதை அவரிடமே விட்டுவிட்டு வந்தோம். பஸ் நிறுத்தம் வரை போய், தவறானதை எடுத்துவிட்டோம் என்று தோன்றி நின்றேன். திரும்பிப் போனாலும் என்ன சொல்வது என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

அன்றிலிருந்து காலையில் முகம் கழுவும்போது இது அப்பாவுடையது என்று நிச்சயமாகத் தெரியும். மத்தியானம் வேலையிடத்தில் பார்த்தால் அந்நியமாக இருக்கும். மழை தொடங்கிய வாரத்தில் பொறுக்காமல் ஊலேவுக்குப் போன் செய்து, அந்த மோதிரம் இருக்கிறதா, இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றேன்.

"வீட்டுல வச்சுக்க என் சம்சாரம் சம்மதிக்கல தம்பி. எடுத்த இடத்துலயே புதைச்சிட்டேன்."

"இடம் ஞாபகம் இருக்கா?"

"இருந்துச்சு" என்றார். "இப்ப கரையே மாறிப்போச்சு. வேணும்னா மழை நின்ன பிறகு மெஷினோட வரேன். ஆனா எதைத் தேடுறோம்னு நீங்கதான் சொல்லணும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை.