பூன மோந்து பாத்த பிக்கப்பு

எங்கூட்டுக்காரருக்குக் கையில தெம்பு போயிட்சின்னு மொதல்ல சொன்னது அவரேதான். காசிமேட்டுல சூரை மீனு ஏத்திகினு மாத்தூர் மார்க்கெட்டுக்குப் போயிகினு இருந்தோம். பழைய பிக்கப்பு, அவரு ஓட்டுவாரு, நா பக்கத்துல. ஒரு திருப்பத்துல ஸ்டீரிங்கப் புடிச்சி மல்லுக்கட்டுனாரு பாரு, மூஞ்சி செவந்து கழுத்து நரம்பு பொடச்சிகிட்சி. பின்னால லாரிக்காரன் ஆரன் அடிச்சியே மானத்த வாங்கிட்டான். "இன்னாமே, கை ரெண்டும் செத்துப்போச்சி போல கீது"ன்னாரு.

ஓட்ட முடியாம வண்டிய வித்துட்டா நா திரும்ப மீன் கூடையோட பஸ்ல ஏறணும். மூக்கப் பொத்திகினு தள்ளி நிக்கிறவங்க மூஞ்சி இன்னும் மறக்கல. சரி, அதக்கூட தாங்கிப்பேன். ஸ்டீரிங்கு இல்லன்னா இந்த மனுஷன் வூட்டுல குந்தினே கரைஞ்சிடுவாரே, அதான் என் பயம்.

அன்னிலேர்ந்து ஒரே வைத்தியம். காலைல அவிச்ச முட்ட, மத்தியானம் ஆட்டு சுவரொட்டி வறுவல், சாயங்காலம் ஆட்டுக்கால் சூப்பு. மொட்டமாடில ரெண்டு கையிலயும் தண்ணிக் கொடத்தத் தூக்கிகினு இந்தாண்டயும் அந்தாண்டயும் நடந்தாரு. எதிர்வூட்டுக்காரி பாவம், எங்க மோட்டார் கெட்டுப்போச்சின்னு நெனச்சி தன் வூட்லேர்ந்து ரெண்டு பக்கெட் தண்ணி தரட்டாக்கான்னு கேட்டா. டாக்டராண்ட இட்டுகினு போனேன். "என் கையப் புடிச்சி அமுக்குங்க"ன்னாரு டாக்டரு. இவரு அமுக்குனதுல அவரு நாற்காலிய வுட்டே எழுந்துட்டாரு. "உங்களுக்கு ஒண்ணுமில்ல"ன்னு கைய ஒதறிகினே சொன்னாரு. எங்காளு நம்பல.

எனுக்கு மனசு கேக்கல. மீன் பொட்டில ஐஸக் கொஞ்சமா போட ஆரம்பிச்சேன். தூக்குறப்ப லேசா இருந்தா தெம்பு வந்துட்சின்னு நெனைப்பாருல்ல? நெனைச்சாரு. ஒத்தையில பொட்டியத் தூக்கி வண்டில வச்சிட்டு காசிமேடு பூரா தோளத் தட்டிக் காட்டுனாரு. ஆனா ஸ்டீரிங்கப் புடிச்சா அதே மல்லுக்கட்டு. திருப்புறப்ப அவரும் முனகுவாரு, வண்டியும் முனகும். ரெண்டும் சேந்து வந்ததுல வண்டி சத்தத்த நாங்க தனியா கேக்கவே இல்ல.

கடைசில ஒரு நாளு, நெட்டுக்குப்பத்து ஆளு ஒருத்தருக்கு வண்டிய வெலைக்குத் தர்றதா வாக்கு குடுத்துட்டு வந்து நின்னாரு. ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்குவாராம். அன்னிக்கு ராத்திரி சோறு எறங்கல எனுக்கு.

சனிக்கெழம யாவாரம் முடிஞ்சி, திருவொத்தியூர்ல எங்க தெருவுல வண்டிய வுட்டுட்டு பின்பக்கம் கழுவிகினு இருந்தேன். தெரு சரிவு. கழுவுன தண்ணி சூரை ரத்தத்தோட வண்டிக்கு அடியிலயே முன்னால ஓடி சாக்கடைல வுழும். காதறுந்த கடுவன் பூன ஒண்ணு கீது, தெனம் அத நக்க வந்துடும். அன்னிக்கும் பின்சக்கரத்தாண்ட நல்லா நக்குச்சி. அப்பால முன்னால போச்சி. அங்கயும் செவப்பா தேங்கி கீது. மோந்துச்சி, தும்முச்சி, மூஞ்சத் திருப்பிகினு போயிட்சி.

எனுக்கு வந்துதே கோவம்! "குப்பத்தொட்டில மேயற கலீஜ் ஜென்மம், எம்மீனப் பாத்தா மூஞ்ச சுளிக்கிற?"ன்னு வெளக்குமாத்த வீசுனேன். எதிர்வூட்டுக்காரி வேற வாசல்ல நிக்கிறா. பூனையே தொடலன்னு மாத்தூர் வரிக்கும் சேதி போயிடாது? அதுவும் போதாதுன்னு ஒரு சந்தேகம். ஐஸக் கொறச்சதுல மீனு கெட்டுப்போச்சோ? குந்தி, வெரலால தொட்டு மோந்து பாத்தேன். மீன் வாசனையே இல்ல. வழவழன்னு எண்ண. வண்டிக்கு அடியில தலைய வுட்டு அண்ணாந்து பாத்தா, எஞ்சின் பக்கத்துலேர்ந்து இன்னொரு சொட்டு, நேரா என் நெத்தியில.

"யோவ்! ஒழுவுறது உன் தெம்பு இல்லய்யா, வண்டி!"ன்னு கத்துனேன். முட்டய வாயில வச்சிகினே ஓடியாந்தாரு.

தண்டையார்பேட்டையில மெக்கானிக் ஷெட்டு வச்சிகீற பாய் வண்டிக்கு அடியில பூந்து பாத்துட்டு வந்தாரு. "ஸ்டீரிங் ஆயிலு போற ரப்பர் ஓஸு கீறிகினு கீது. சொட்டு சொட்டா வடிஞ்சி, ஆயிலு அடிமட்டத்துல கீது. அந்த ஆயிலுதான் சக்கரத்தத் திருப்ப ஒத்தாச பண்ணுது. அது இல்லாம இத்தினி நாளு வெறுங்கையில திருப்பிகினு இருந்துகீற. இன்னா சாப்புடற நைனா நீ?"

"முட்ட"ன்னாரு எங்காளு.

பாய் புது ஓஸப் போட்டு, கிளிப்ப இறுக்கி, செவப்பு ஆயில ஊத்துனாரு. உள்ள அடைஞ்ச காத்து போவணும்னு ஸ்டீரிங்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெதுவா திருப்பச் சொன்னாரு. நொர அடங்கனதும் இன்னும் கொஞ்சம் ஊத்துனாரு. எங்காளு ஒத்த வெரலால திருப்பி, அந்த வெரலத் தூக்கி என்னாண்ட காட்டுனாரு. "நா இல்லமே, வண்டிதாமே!"ன்னு கண்ணு கலங்கிட்சி மனுஷனுக்கு. எனுக்குந்தான், பொய் சொல்லுவானேன்.

வர்ற வழியில, எங்க தெருமுனை வந்ததும், பழைய நெனப்புல முட்ட பலம் மொத்தத்தையும் போட்டு இழுத்துட்டாரு. வண்டி பறந்து போயி குப்பத்தொட்டிய முட்டிகினு நின்னுச்சி. உள்ளேர்ந்து அந்தக் கடுவன் பூன குதிச்சி ஓடிச்சி.

ஞாயித்துக்கெழம நெட்டுக்குப்பத்து ஆளு வந்து, "வாக்கு குடுத்துட்டு இன்னாபா இது பேஜாரு?"ன்னு குதிச்சாரு. குந்த வச்சி சூரை கொழம்பு ஊத்துனேன். "வண்டி தர்றதுக்கில்லண்ணா. வோணும்னா இந்தாள ஓட்டிகினு போ"ன்னேன். ரெண்டாந்தரம் சோறு வாங்கித் துன்னுட்டு, சிரிச்சிகினே போயிட்டாரு.

மக்யா நாளு காலைல முட்டய வோணாம்னு தள்ளி வச்சாரு எங்காளு. "எனுக்கு எதுக்குமே? நா எப்பவும் நல்லாத்தான் இருந்துகீறேன்"னாரு. சரின்னு நானும் காசிமேட்டுல பழையபடி பொட்டி நெறைய ஐஸப் போட்டேன். ஒத்தையில தூக்குனாரு. முட்டி வரிக்கும் வந்து நின்னுட்சி. கீழ வச்சாரு. என்னப் பாக்கல. குனிஞ்சி, பொட்டிக்கு அடியில எங்கனா சொட்டுதான்னு தேடிகினு இருந்தாரு.

நா அந்தாண்டப் பக்கம் போயி பொட்டியப் புடிச்சேன். "தூக்குய்யா"ன்னேன்.