கீழ்வீட்டுச் செத்தவீடு

மொன்றியலில் செயின்ட்-மிஷேல் பக்கம் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டுக்குக் கீழே ஒரு ஐரிஷ்காரரும் அவருடைய தமக்கையும் இருந்தார்கள். இருவருக்கும் எழுபது தாண்டியிருக்கும், இருவருமே கல்யாணம் கட்டாதவர்கள். தமக்கை யாரோடும் பேசமாட்டார். அவருடைய பங்கையும் சேர்த்துத் தம்பியாரே பேசிவிடுவார்.

பனி அள்ளும் நாட்களில் அப்பா அவரிடம் அகப்பட்டுக்கொள்வார். உண்மையைச் சொன்னால் அப்பா விரும்பித்தான் அகப்பட்டார். எங்களுடைய அகதி விசாரணை வரவிருந்தது. அதற்குள் ஆங்கிலம் பழகிவிடவேண்டும் என்று பனி வாரும் சவளைப் பனியில் குத்திவிட்டு நின்று கதை கேட்பார். கேட்டதை இரவுச் சாப்பாட்டின்போது எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். அந்த மனிதருடைய ஊரில் மொத்தமே ஒரு தெருவாம். அந்தத் தெருவில் ஒரு கடையாம். முன்பக்கத்தில் மாவும் ஆணியும் மண்ணெண்ணெயும் விற்கும் கடைக்காரர் பின்பக்கத்தில் சாராயம் ஊற்றுவாராம், ஊரில் யாரும் செத்தால் பெட்டி செய்து கொடுப்பவரும் அவரேதானாம். காலையில் கழுதை வண்டிகளில் பால் கொண்டுபோகிறவர்கள் வரிசையில் நிற்கும்போதே ஊர்ப்புதினம் எல்லாம் பரவிவிடுமாம். பிள்ளைகள் வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போகும்போது வகுப்பு அடுப்பில் எரிக்க ஆளுக்கொரு மண்கட்டி கொண்டுபோகவேண்டுமாம். அதுவரை நம்பிக்கொண்டு வந்த அப்பாவுக்கு அந்த இடத்தில் நம்பிக்கை விட்டுப்போயிற்று. மண் எரியுமா? மனிதர் நன்றாகப் புளுகுகிறார், ஆனால் ஆங்கிலம் சுத்தமானது என்று முடிவுசெய்தார். அங்கே சதுப்புநிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்து விறகாக எரிப்பார்கள் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது.

எங்களுடைய இரண்டாவது குளிர்காலத்தில், ஒரு வியாழக்கிழமை, தமக்கை இறந்துபோனார். அவருடைய ஊர் முறைப்படி பிரேதத்தை முன்னறையில் வைக்கவேண்டும் என்று தம்பியாருக்கு ஆசை. இங்கே அதெல்லாம் பிரேதம் வைக்கிற மண்டபத்தில்தான் என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமைதான் அடக்கம். பிரேதம் இல்லாவிட்டால் போகிறது, சனிக்கிழமை தமக்கையின் படத்தையாவது வைத்து வருகிறவர்களைக் கவனிப்போம் என்று அவர் தீர்மானித்தார். வெள்ளிக்கிழமை எங்களிடம் வந்து கதிரைகளும் கோப்பைகளும் இரவல் கேட்டார். நாளை இரண்டு மணியிலிருந்து கதவு திறந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். வாருங்கள் என்று சொல்லவில்லை.

அப்பாவுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. "செத்தவீட்டுக்கு ஆரும் வெத்திலை வைச்சுக் கூப்பிடுறதே? முறை தெரிஞ்ச மனுசன்" என்றார். இந்த நாட்டில் எங்களைப்போல நடக்கிற ஒருவரையாவது கண்டுபிடித்தாயிற்று என்ற சந்தோசம் அவருக்கு.

இதற்கிடையில் வியாழக்கிழமையிலிருந்து எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பக்கத்தில் பிரேதம் எடுக்கும்வரை சமைக்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. எங்களோடு இருந்த சித்தப்பா சட்டம் பேசிப்பார்த்தார். பிரேதம் கிடப்பது பஸ்ஸில் போகிற தூரத்தில், ஆகவே பட்டினி கிடக்கவேண்டியது அந்தத் தெருக்காரர்தான் என்றார். அம்மா அசையவில்லை. வாழைப்பழமும் கடையில் வாங்கிய பாண் ரொட்டியுமாக இரண்டு நாள் போயிற்று. நான் ஒன்பது வயதுச் சிறுமி. சனிக்கிழமை மத்தியானம் பசி என்றால் அப்படி ஒரு பசி.

காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் நாலு பேரும் இறங்கிப் போனபோது கீழ்வீட்டுக் கதவு சொன்னபடியே திறந்து கிடந்தது. உள்ளே கால்மிதியில் பனி குவிந்திருந்தது. சுவரோரமாக இருபது கதிரையாவது இருக்கும், எல்லாம் வெறுமை. மேசையில் சான்ட்விச் மலைபோல அடுக்கியிருந்தது. ஒரு கன்னியாஸ்திரி மட்டும் வந்து ஜெபம் சொல்லிவிட்டு, பஸ் நின்றுவிடும் என்று ஒன்றும் சாப்பிடாமல் உடனே போய்விட்டாராம். ஐரிஷ்காரருடைய ஊரில் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிடும். மொன்றியலில் சொன்னாலும் தெரிவதில்லை. அவர் சொல்லவும் இல்லை.

எங்களைக் கண்டதும் மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கி உட்காரவைத்தார். தமக்கை சின்ன வயதில் பாதிரியாரின் வாத்தைத் திருடிச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு பூசைக்குப் போன கதையைச் சொல்லி, தானே விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா தரையைப் பார்த்தபடி இருந்தார். அம்மா என் காதுக்குள், "பாவம், கவலை மனுசனை விசராக்கிப்போட்டுது" என்றார்.

பிறகு அவர் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். அப்பா கையெடுத்து மறுத்தார். அவர் சான்ட்விச் தட்டை நீட்டி, இதில் ஒன்றாவது எடுங்கள் என்றார். அப்பா மறுபடியும் வேண்டாம் என்றார். மூன்றாவது முறை அவர் கெஞ்சுகிற குரலில் கேட்டார். அப்பா மூன்றாவது முறையும் மறுத்தார். செத்தவீட்டில் கை நனைப்பது எங்களிடம் இல்லை. தீட்டுப் பட்ட துடக்கு வீட்டில் சோகத்தோடு இருப்பவரிடம் வாங்கித் தின்பது மனிதத்தன்மையும் இல்லை. அவருடைய ஊர் வழக்கத்தை இருபது வருடம் கழித்து, என்னோடு வேலைசெய்த ஒரு ஐரிஷ் பெண் சொல்லித்தான் அறிந்தேன். முதல் இரண்டு தடவை மறுப்பது மரியாதை, மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வது கடமை. சாப்பிடாமல் எழுந்து போகிறவர் அந்தச் செத்தவீட்டுக்கு வந்தவரே அல்ல.

நான் மேசையோரக் கதிரையில் இருந்தேன். அவர் சமையலறைக்குத் திரும்பிய நேரம் ஒரு சான்ட்விச்சை எடுத்து இரண்டு வாயில் முடித்துவிட்டேன். உள்ளே என்ன வைத்திருந்தார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டாவதைக் கையில் எடுத்தபோது அவர் வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடிபட்டேன் என்று நினைத்தேன். அவரோ கண்ணைச் சிமிட்டிவிட்டு, மற்றவர்களுக்கு மறைப்பாக என் முன்னால் வந்து நின்றுகொண்டார். அந்த மறைப்பில் இன்னும் இரண்டு தின்றேன்.

சற்று நேரத்தில் அப்பா எழுந்தார். செத்தவீட்டில் போய்வருகிறோம் என்று சொல்வதில்லை அல்லவா? ஒரு வார்த்தை பேசாமல், அவருடைய முகத்தையும் பாராமல், வரிசையாக வெளியே வந்தோம். எல்லாவற்றையும் முறைப்படி செய்த திருப்தி அப்பாவுக்கு இருந்தது. மேலே வந்து ஒவ்வொருவராகத் தலைமுழுகினோம்.

கடைசியாக முழுகிய சித்தப்பா தலை துவட்டிக்கொண்டிருக்கும்போது கீழ்வீட்டுக்காரர் படியேறி வந்தார். கையில் துணியால் மூடிய தட்டு. வாசலில் நின்று அப்பாவிடம் ஏதோ சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்பா ஆங்கிலத்தில் திணறிக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ அங்க ஏதும் சாப்பிட்டனியோ, பிள்ளை? நல்லாச் சாப்பிட்டதெண்டு சொல்லுறார். உனக்கெண்டு மிச்சம் கொண்டந்திருக்கிறார்."

அம்மாவின் கண்கள் என்மேல் இருந்தன. நான் அந்த மனிதரின் பக்கம் பாராமல், "இல்லை" என்று தலையாட்டினேன். போதாது என்று, "நான் ஒண்டையும் தொடேல்லை அப்பா" என்றும் சொன்னேன்.

அப்பா அதை மிகக் கவனமாக ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். பிள்ளை பொய் சொல்லாது, உங்களுக்குத் துக்கத்தில் அப்படித் தோன்றியிருக்கலாம் என்று ஆறுதலும் சொன்னார். அவர் தட்டை மூடியிருந்த துணியைச் சரிசெய்தார். பிறகு, இருக்கும், வயதாகிவிட்டது, நான்தான் தவறாகப் பார்த்திருப்பேன் என்று சொல்லித் தட்டோடு இறங்கிப் போனார். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்போது நாலு மணிகூட ஆகவில்லை.

"தனிய இருந்து மனுசன் குழம்பிப்போனார்" என்று அப்பா உண்மையாகவே கவலைப்பட்டார். அதற்குப் பிறகும் கீழ்வீட்டுக்காரர் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பனி அள்ளும்போது வணக்கம் சொல்லுவார், குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுவார். ஊர்க்கதை மட்டும் சொல்லவில்லை. தமக்கை போன கவலை என்று அப்பா எடுத்துக்கொண்டார்.

இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கோ எனக்குப் பெரிய நிம்மதி. ஏச்சு விழவில்லை, இன்னொரு தரம் முழுகவைக்கவும் இல்லை. ஒரு சின்னப் பொய், அதனால் யாருக்கும் ஒரு கேடும் இல்லை என்று நினைத்தபடி நன்றாக நித்திரை கொண்டேன். அவருடைய ஊர்க் கணக்குப்படி தமக்கையின் செத்தவீட்டுக்கு வந்த ஒரே ஆள் நான்தான் என்பதும், அந்த ஒருத்தியும் வரவில்லை என்று அவருடைய முகத்துக்கு நேரே தலையாட்டிவிட்டாள் என்பதும் எனக்கு விளங்கவில்லை.