நீலத்துக்கு அடியில் மஞ்சள்

தோல் சோபாக்களில் ஏறிய கறையை எடுப்பது அவன் தொழில். வீட்டில் வைத்த பட்டப்பெயர் 'சந்தேகம்'. எதையும் நேராகத் தொட மாட்டான். முதலில் கவிழ்த்துப் போட்டு, யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு மருந்தை வைத்துப் பார்ப்பான். அது தோலின் நிறத்தைத் தின்னவில்லை என்று தெரிந்த பிறகுதான் மேலே கை வைப்பான். திறமைசாலி என்று சொல்ல எனக்குத் தயக்கம், பொறுமைசாலி. கறைக்கு அந்த வித்தியாசம் தெரிவதில்லை.

அக்கா பதறிப்போய் அழைத்திருந்தாள். வெளியூர் போன மாமா வருவதற்குள் கூடத்துச் சுவருக்கு நீலம் அடிக்கப் போய், பெயிண்ட் தெறித்து அவருடைய தோல் நாற்காலியின் கைப்பிடியில் காய்ந்துவிட்டது.

"கல்யாணம் ஆனதுலேருந்து ஒரே பாட்டுடா. 'என் நாற்காலியில ஒரு பொட்டுக் கறை உண்டா? நீ தொட்ட சாமானைப் பாரு'ன்னு. இதைப் பார்த்தார்னா சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவார்."

"சரி, முதல்ல இதைக் கவிழ்க்கணும்."

"அதுக்கெல்லாம் ஏதுடா நேரம்? உன் சந்தேகத்தை ஊரான் வீட்டுல வச்சுக்கோ."

அக்கா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. எண்ணெய் தடவி ஊறவிட்டு, பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் நீலத்தை மெல்லச் சுரண்டி எடுத்தான். தோலின் வரிகளில் மட்டும் கொஞ்சம் தங்கியது. துணியில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தான். நீலம் போயிற்று. கூடவே நாற்காலியின் பழுப்பும் துணியில் வந்தது. அதற்கு அடியில் ஒரு மஞ்சள் துளி தெரிந்தது. இன்னும் துடைத்தான், பக்கத்திலேயே இன்னொன்று.

"அக்கா, மஞ்சளும் அடிச்சியா?"

"நீலம் மட்டும்தான்டா. பழைய சுவர்தான் மஞ்சள். நான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்தப்போ உங்க மாமா அடிச்சது."

துடைக்கத் துடைக்கக் கறை கூடுவதை அவன் பார்த்ததில்லை. பழுப்பு தோலின் நிறமா, அதுவும் ஒரு பூச்சா? இப்போது எதை எடுப்பது, எதை மூடுவது? பையிலிருந்து இரண்டு பழுப்புச் சாயப் புட்டிகளை எடுத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

மாமா சுவரைப் பார்க்கவில்லை. நேராகக் கைப்பிடியைத்தான் பார்த்தார்.

"எந்தப் பழுப்புன்னு தெரியல மாமா" என்றான், வேறு என்ன சொல்வதென்று புரியாமல்.

"ரெண்டும் இல்ல மாப்ள. அன்னிக்குக் கொஞ்சம் கறுப்பு கலந்து ரெண்டு கோட்டு அடிச்சு..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஓஹோ!" என்றாள் அக்கா. "ஒரு பொட்டுக் கறை உண்டா?"

மாமா அப்போதுதான் சுவரைப் பார்த்தார். "நீலம் நல்லாத்தான் இருக்கு."

அக்கா புட்டிகளை வாங்கிப் பையில் போட்டாள். "மஞ்சள் அப்படியே இருக்கட்டும்டா."

"கறையை விட்டுட்டுப் போனா என் பொழப்பு என்னாகும்?"

மாமா நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கையை மஞ்சள் துளிகளின் மேல் ஊன்றிக்கொண்டார். அக்கா அந்தக் கையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

பையோடு வாசல்வரை போனவன் திரும்பி நின்றான்.

"வேலை முடிஞ்சுதா இல்லையா? யாராவது சொல்லுங்களேன்."